பெயருக்கு முன்னே ஓர் எழுத்து

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். மூலத்தைத் தேடிச் சென்றால் பெருநதியும் ஒரு சிற்றூற்றாய் முடியும். அதனால் நதியின் பெருமை குன்றிவிடுமோ என்னும் அச்சம் போலும். ஆயினும் மலையகத்து மக்களாகிய நம்மிடம் மூலத்தை விசாரித்தவர் வேதாந்தி அல்லர்; அரசாங்கமே விசாரித்தது. அவ்வேளை விடை கூற நம்மிடம் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. அதன் பயனாகத் திசைக்கொருவராய்ச் சிதறிய நம் உறவினரை இன்று நாமே தேடிக்கொண்டிருக்கின்றோம்.

சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையில், என் தாயார் வசிக்கும் பூனாகலைக்குச் சென்றிருந்தேன். ஒரு நாட்காலை, முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் தம் கணவருடன் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் வந்து நின்றார். நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து வந்ததாகச் சொன்னார். அவர் கையில் ஒரு பழைய இந்தியக் கடவுச்சீட்டின் பிரதி இருந்தது. அது அவருடைய அம்மாயியின் கடவுச்சீட்டு. அம்மாயி 1973ஆம் ஆண்டு பூனாகலையிலிருந்து குடும்பத்தோடு இந்தியா சென்றவர். "அம்மாயியின் தங்கச்சி இங்கேதான் இருந்தாங்களாம். அவங்க பிள்ளைகள் யாராவது இருக்காங்களான்னு பார்க்க வந்தோம்" என்றார் அப்பெண்.

கடவுச்சீட்டிலிருந்த பெயரைச் சொல்லி அவர் மூன்று லயங்களில் விசாரித்திருக்கின்றார். மாரியம்மன் பெயர் தாங்காத வீடு தோட்டத்தில் ஏது? அந்தப் பெயரில் பலரைக் காட்டினார்களே ஒழிய, அவர் தேடிய ஒருவரைக் காட்டினாரில்லை. ஈற்றில் ஒரு கடைக்காரர், பழைய சங்கதிகள் தெரிந்தவர் என்று என் தாயாரிடம் அனுப்பி வைத்தார். தாயாரும் அப்பெயரைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அப்படி ஒருவரைத் தமக்குத் தெரியாது என்றார். வந்தவரின் முகம் வாடிற்று.

அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த ஒருவருக்கு ஒரு பெயர் ஏன் உதவவில்லை? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

மூன்று தலைமுறையில் மறையும் எழுத்து

மேல்நாட்டார் தம் குலமுறையை ஆராய்வதற்குக் குடும்பப் பெயரையே பற்றுக்கோடாகக் கொள்வர். ஒரே குடும்பப் பெயரையுடையோர் உலகில் எங்கெங்கு வாழினும் அவரையெல்லாம் தேடித் தொகுப்பதற்கென்றே இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றியது. நம் அயலவராகிய சிங்கள மக்களுக்கும் 'கெதர', 'கே' என்று முடியும் வாசகம என்னும் குடிப்பெயர் உண்டு. பாட்டனுக்கும் பேரனுக்கும் அது பொதுவாய் நிற்கும்.

நமக்கோ அத்தகைய பெயர் கிடையாது. தந்தையின் பெயரில் முதலெழுத்து ஒன்றை நம் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்கின்றோம். முத்துசாமி என்பவரின் மகன் மு. இராமையா எனக் கொள்வோம். இராமையாவின் மகன் இரா. செல்வராசா. செல்வராசாவின் மகள் மணம் முடித்ததும் கணவரின் எழுத்தை ஏற்றுக்கொள்கின்றாள். பாட்டனாரின் 'மு' பேரனிடமே மறைந்துவிட்டது. பேத்தியின் மகளிடம் இரண்டாவது எழுத்தும் இல்லை. நான்கு தலைமுறையினரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அந்நியர் ஒருவரிடம் கொடுத்தால், இவர்கள் ஒரே குடும்பத்தினர் என்று அவர் எவ்வாறு அறிவார்?

இது போதாதென்று, தோட்டத்துப் பெயர்கள் இலிகிதரின் பேனாவில் அடைந்த மாற்றங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிறப்புப் பத்திரத்தில் 'லட்சுமி' என்றிருப்பவர் சேமலாப நிதிப் புத்தகத்தில் 'லெட்சுமி' ஆவார்; கடல் கடந்ததும் வேறோர் எழுத்தைப் பெறுவார். வீட்டில் வழங்கிய செல்லப் பெயரோ இவற்றுள் எதிலும் இராது. மேலும், பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கமும் அன்று. பெரியம்மா என்றும் சித்தப்பா என்றும் வாழ்நாள் முழுதும் அழைத்துவிட்டு, அவருடைய பதிவுப் பெயர் யாதென அறியாமலே அவரை வழியனுப்பி வைப்போர் நம்மிற் பலர்.

சட்டம் கேட்ட வம்சாவளி

வம்சாவளி என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக் கூடும். மலையகத்தில் அது அவ்வாறிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சவழியாகப் பிரஜையாவதற்குத் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றேனும் காட்ட வேண்டியிருந்தது. பின்னர் நெடுங்காலம் வழங்கப்பட்ட பிறப்புப் பத்திரங்களில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், ஆண்டு, இடம் என்றும், பூட்டனார் பற்றியும் தனித்தனிக் கூடுகள் இருந்ததை வாசகர்கள் கண்டிருப்பர். தோட்டத்துப் பிள்ளைகளின் பத்திரங்களில் அக்கூடுகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிட்டியவரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர் என்றாயினர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. குடும்பம் குடும்பமாக விண்ணப்பித்தபோது, அக்காளின் கணவர் இந்தியாவுக்கு மனுப்போட்டார். தங்கையின் கணவர் இலங்கைக்கு மனுப்போட்டார். ஒரே காம்பராவில் பிறந்த இருவர் இரு நாட்டவராயினர். பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புகையிரத நிலையங்களில் அந்நாட்களில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவர்.

அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுடைய பாட்டன்மாரில் பலர் இலங்கைக்கு வந்தபோது தங்கியதும் அதே மண்டபம் முகாமே என்பது விதியின் விந்தை. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் முதலிய இடங்களில் நம்மவர் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். வேறு சிலர் கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும் கேரளத்துப் புனலூருக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். இங்கு எஞ்சியோரிலும் ஒரு பகுதியினர் 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தனர். 1984இல் கப்பல் நின்றது. கடிதங்கள் மேலும் சில ஆண்டுகள் வந்தன. பின்னர் அவையும் நின்றன.

இலக்கம் பெற்றவரும் இலக்கம் பெறாதவரும்

கடல் கடந்த தமிழர் எல்லோரும் இவ்வாறு ஏடின்றி நின்றனரா என்றால், இல்லை. ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் நிலை வேறு. 1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினர். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்துக்கு நேரே பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று குறித்து வைத்தனர். மொரீசியசிலும் அத்தகைய பதிவேடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. பலருடைய நிழற்படங்களும் உள்ளன. கொள்ளுப்பேரர்கள் அங்கு சென்று, ஓர் இலக்கத்தைப் பற்றிக்கொண்டு, தமிழ்நாட்டுக் கிராமம் வரை வந்து சேர்கின்றனர். அடிமைக்கு அடுத்த நிலையில் வைத்து வேலை வாங்கிய ஓர் ஏற்பாடு, தன்னை அறியாமலே சந்ததியாருக்கு ஒரு வழிகாட்டியை விட்டுச் சென்றது.

இலங்கைக்கு வந்தோர் கங்காணியின் பின்னே வந்தனர். 1900களின் தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்கு வழங்கப்பட்ட தகரத் துண்டில் தோட்டத்தின் குறியும் இலக்கமும் இருந்தன, ஆளின் பெயரில்லை. எந்தத் தோட்டத்தில் அவரை இறக்க வேண்டும் என்பதே அதன் கவலை. அவர் யாருடைய மகன் என்பது கங்காணிக்குத் தெரிந்தாற் போதும். அரசுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இம்முறையிலேயே நமக்கொரு வாய்ப்பும் மறைந்திருக்கின்றது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி, பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தான். ஆகவே ஒரு லயத்தில் ஒரு கிராமமே குடியிருந்தது எனலாம். கங்காணியின் ஊர் தெரிந்தால் நம் ஊரும் அநேகமாகத் தெரிந்துவிடும். அவர்கள் கொண்டாடிய குலதெய்வத்தின் பெயர், அவ்வூரின் எல்லையையே காட்டிக்கொடுக்கும். மேல்நாட்டாருக்குக் குடும்பப் பெயர் செய்யும் வேலையை, நமக்குக் கங்காணியின் ஊரும், குலதெய்வமும், தோட்டத்தில் வழங்கும் தமிழ்ப் பெயரும், லயத்தின் இடமும் சேர்ந்து செய்கின்றன.

அன்று எங்கள் வீட்டு இஸ்தோப்பில் அதுதான் நடந்தது.

மூலை உடைந்த அம்மி

பெயர் பயன்படாது என்று கண்ட என் தாயார், வந்த பெண்ணை உட்காரச் செய்து தேநீர் கொடுத்தார். பிறகு, "ஏம்மா, உங்க அம்மாயி இந்த ஊரைப் பத்தி வேற என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

அப்பெண் சற்று யோசித்தார். "பணியக்கணக்கு லயம்னு சொல்லுவாங்க. பீலித் தண்ணி பத்திச் சொல்லுவாங்க. அப்புறம்... அம்மிக்கல்லைத் தங்கச்சிகிட்டே விட்டுட்டு வந்துட்டேன், பாரம்னு வாத்தியார் வேண்டாம்னுட்டார்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"என்ன அம்மி?"

"ஒரு மூலை உடைஞ்ச அம்மியாம்."

என் தாயார் பதில் பேசவில்லை. எழுந்து குசினிப் பக்கம் கையைக் காட்டினார். கூரைச் சாய்ப்பின் கீழே, நான் சிறுவனாயிருந்த காலந்தொட்டுக் கண்ட அந்த அம்மி கிடந்தது. அதன் ஒரு மூலை இல்லை. 'வாத்தியார்' என்பது பெரியப்பாவுக்குத் தோட்டம் வைத்த பட்டப்பெயர். இரவில் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததால் வந்த பெயர் அது. கடவுச்சீட்டிலிருந்த அவருடைய பெயரையும் என் தாயார் அன்றுவரை அறிந்தவரல்லர்.

அப்பெண்ணின் அம்மாயியும் என் அம்மாயியும் உடன்பிறந்த அக்காள் தங்கையர். ஆகவே அவருடைய தாயாரும் என் தாயாரும் நம் முறைப்படி சகோதரிகள். அப்பெண் எனக்குத் தங்கை. ஐந்து நிமிடத்துக்கு முன் 'சார்' என்று அழைத்தவர் 'அண்ணா' என்று அழைத்தார். என் தாயாரைப் 'பெரியம்மா' என்றார். குடும்பப் பெயர் இல்லாத நம் சமூகத்தில், யார் யாருக்கு என்ன முறை என்பதை ஒரு நொடியில் வகுத்துவிடும் இந்த உறவுச் சொற்கள் எத்துணை பெரிய செல்வம்!

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்திருப்பினும், அது தந்தைவழியே வருவதாயின், இந்த உறவை அது காட்டியிராது. எங்கள் இருவரையும் இணைப்பவர்கள் நான்கு பெண்கள். மணம் முடிக்குந்தோறும் அவர்களுடைய முதலெழுத்து மாறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையையும் பாட்டனையும் பூட்டனையும் கேட்டது, தாயைக் கேட்கவில்லை. பத்திரங்கள் ஆண்வழியைத் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம், அறுந்துபோகாத உறவைப் பெண்கள் ஓர் அம்மிக்கல்லில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தனர்.

மகிழ்ச்சி அடங்கியபின் என் தாயார், "பெரியம்மா எப்போ போச்சு?" என்று மெல்லக் கேட்டார். 1991ஆம் ஆண்டு என்று விடை வந்தது. என் அம்மாயி காலமானது 1996இல். அந்த ஐந்தாண்டுகளும், தபால் வரும் நேரத்தில் இஸ்தோப்பில் வந்து உட்காரும் வழக்கத்தை அவர் விடவில்லை. இறந்துபோன அக்காளின் கடிதத்துக்காகவே அவர் காத்திருந்தார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

என் தாயார் எழுந்து பீலிக்குச் சென்றார். சாவுச் சேதி எவ்வளவு காலங்கடந்து வந்தாலும், கேட்ட மாத்திரத்தில் நீராடுவது நம் வழக்கமன்றோ? முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட அச்சாவுக்காக அவர் தலையில் நீரூற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு திரும்பி வந்தார். வந்த பெண்ணும் அவர் பின்னே சென்று அவ்வாறே செய்தார்.

ஒரு கொப்பி போதும்

இதனை எம் வீட்டுக் கதையாக மட்டும் எழுதவில்லை. பூனாகலையில் மட்டுமன்று, ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் இத்தகைய அம்மிகள் உள்ளன. அவற்றின் கதையைச் சொல்லக் கூடியவர்களோ எழுபதைக் கடந்துவிட்டனர். 1973இல் பதினேழு வயதாயிருந்த என் தாயாரே இன்று முதியவர். அவருக்கு மூத்தவர் எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர்?

எழுதி வைத்த தாள்களும் நிலையானவை அல்ல. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியபோது, மக்களோடு அவர்தம் பெட்டிகளும், பெட்டிக்குள்ளிருந்த பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. ஆகவே ஒரு பிரதியை வேறோர் ஊரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வைப்பது விவேகம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அன்று. பிள்ளைகளுடைய பள்ளிக் கொப்பி ஒன்று போதும். வீட்டிலுள்ள மூத்தவரின் அருகே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, அவர் நினைவிலுள்ள மூன்று தலைமுறையினரின் பெயர்களை எழுதுக. பதிவுப் பெயரை மட்டுமன்றி, வீட்டுப் பெயரையும் பட்டப்பெயரையும் எழுதுக. பெண்களுக்குக் கணவர் பெயரோடு நிறுத்தாமல், தாயின் பெயரையும் உடன்பிறந்த பெண்களின் பெயர்களையும் தவறாது எழுதுக. தோட்டத்தின் பெயரைப் பத்திரத்தில் உள்ளவாறும், மக்கள் வாயில் வழங்குமாறும் இரு விதமாகக் குறிக்கவும். எந்தக் கணக்கு, எந்த லயம், கங்காணி யார், அவர் ஊர் எது, குலதெய்வம் எது, எந்த ஆண்டில் யார் எங்கே போனார் என்பனவும் வேண்டும்.

அதன்பின் பத்திரங்களைத் தேடலாம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்ட நிர்வாகமே பதிவுக்கு அறிவித்து வந்தமையால், பழைய பிறப்புப் பதிவுகள் பல கிடைக்கக் கூடும். பாடசாலை அனுமதிப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், சேமலாப நிதிப் புத்தகம், பழைய கடவுச்சீட்டு, இந்தியாவிலுள்ளோரிடம் இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை ஆகியன ஒவ்வொன்றும் ஒரு படி. பிரயாணத்துக்கு முன் எடுத்த குடும்பப் படம் இருப்பின், அதிலுள்ளோரின் பெயர்களைப் பின்புறத்தில் இன்றே எழுதிவிடுக. நாளை அவர்களை அடையாளம் காட்ட ஆளிராது. இக்காலத்தில் கைத்தொலைபேசி மூலம் ஒரு படத்தை நொடிப்பொழுதில் நீலகிரிக்கு அனுப்பலாம். ஆயினும் அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சீட்டு இலக்கமும் பலர் கண்ணிற் படும்படி அனுப்புதல் தகாது. அம்மியின் படமும் பாட்டியின் படமும் போதும்.

சிலர் கேட்பர்: இத்தனை காலத்துக்குப் பின் உறவைத் தேடி என்ன பயன்? சொத்துமில்லை, சீதனமுமில்லையே என்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், நாடற்றோர் என்ற பெயர் இங்கு நம்மைவிட்டு நீங்கிற்று. நாம் யாவர் என்று எந்த அரசும் இனி நம்மிடம் பூட்டன் பெயரைக் கேட்கப் போவதில்லை என்று நம்புவோம். ஆனால், யாரும் கேளாதபோது நாமே விரும்பிச் சொல்லும் விடைதான் உண்மையான விடை. இருப்போரின் நலத்தை விசாரிக்கவும், இறந்தோருக்காக ஒரு குடம் நீர் ஊற்றிக்கொள்ளவும் உரிமையுடையவர் யாரென்று அறிவதற்கு மேலான பயன் வேறு யாது?

கோத்தகிரித் தங்கை திரும்பிச் சென்ற அன்றிரவு, நான் ஒரு கொப்பியைத் திறந்தேன். முதற் பக்கத்தில் எழுத வேண்டிய பெயர்களை என் தாயார் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியம்மாவின் இடம் வந்ததும் நிறுத்தி, கடவுச்சீட்டுப் பிரதியைக் கையில் வாங்கி, அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். தம் தாயின் உடன்பிறந்தாளை அவர் பெயர் சொல்லி அழைத்தது, அந்த எழுபது வயதில், அதுவே முதல் முறை.